ஓர் இடம் விடாமல் தேய்த்த கார்

என் கணவர் கொன்ஸ்ரன்ரைனுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, வெற்றிலைகூட இல்லை. கோயிலில் என்னைக் காண்கிற பெண்கள், "நீ குடுத்து வைச்சனீ செலீனா" என்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் விடியும் வரைக்கும் பொறுத்தால் போதும், வெறி முறிந்துவிடும். என் வீட்டு வெறி முற்றத்தில் நான்கு சில்லில் நின்றது. அது முறிகிற வெறி இல்லை.

இவருக்குப் பழைய கார் என்றால் போதும். புதுக் கார் எவ்வளவு மினுங்கிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவோரம் சில்லில்லாமல் கிடக்கிற ஒரு மொறிஸ் மைனரைக் கண்டாரோ, போகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவார். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்த இருபது வருசமும் கட்டடங்களுக்குப் பெயின்ற் அடித்துத்தான் எங்களைக் காப்பாற்றினார். ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்கும் பூசை முடிந்த கையோடு பக்கத்து ஊர்ப் பட்டறைக்குப் போய், ஒருவரும் கேட்காமலே, பழைய கார்ச் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார். எங்கள் மூத்தவளின் ஞானஸ்நானப் படம் இன்னும் இருக்கிறது. பிள்ளையை ஏந்தியிருக்கிற கையைப் பார்த்தால் பத்து நகமும் கறுப்பு.

சண்டை முடிந்து, 2010 தை மாதம் இவர் முதலில் தனியாக மன்னாருக்குத் திரும்பி வந்தார். உப்புக்குளத்தில் இவருடைய தாய் தகப்பன் இருந்த வீடு பாதி நின்றது. நானும் இரண்டு பெட்டைகளும் பள்ளிக்கூடச் சோதனை முடிந்து வைகாசியில்தான் வந்து சேர்ந்தோம். நான் பேசாலை ஊர்க்காரி. இவரைக் கண்டதும் கட்டியதும் முகாமில். உப்புக்குளத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்த மதில் யாருடையது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு நடந்ததற்கெல்லாம் இதுவும் ஒரு காரணம்.

வந்து இறங்கினால் வீட்டுக்குக் கூரை பாதி இல்லை. முற்றத்தில் நீலத் தறப்பாள் ஒன்றால் எதையோ பத்திரமாக மூடிக் கட்டியிருந்தது. சீமெந்து மூட்டை சேர்த்து வைத்திருக்கிறார், மனிசனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். தறப்பாளை இழுத்தால் உள்ளே கார். அதைக் கார் என்று சொன்னால் கார்களுக்கு அவமானம். உப்புக் காற்றில் பொனற் அரிதட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாகியிருந்தது. முன் பம்பருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் ஓர் உடை முள்மரம் முளைத்து வளர்ந்து, வெட்டிய அடிக்கட்டை இன்னும் அங்கேயே இறுகிக் கிடந்தது. இருக்கைகளில் சுருள்கம்பி மட்டும் மிச்சம், நம்பர்த் தகட்டைக் காணவே இல்லை.

"ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி, செலீனா. ஐம்பத்திரண்டாம் ஆண்டு" என்றார், சொந்தத் தங்கச்சியை அறிமுகப்படுத்துவதுபோல.

"எங்கயால வந்தது இது?"

"பெரியமடுவில காட்டுக்குள்ள கிடந்தது. ஒருத்தருக்கும் வேணாம் எண்டினம். ரைக்ரரில கட்டி இழுத்துக்கொண்டு வந்தனான்."

"கக்கூசுக்கு ஒரு கதவில்லை. இதுக்கு நாலு கதவு."

"அதுவும் போடுவன்" என்றார். கக்கூசுக்குக் கதவு போட ஒன்பது மாதம் எடுத்தது. அதற்குள் காரின் நான்கு கதவும் கழன்று, நிமிர்ந்து, திரும்பப் பூட்டப்பட்டுவிட்டன.

இவருக்கு ஐஸ் பக்டரியில் மெசின் பார்க்கிற வேலை கிடைத்தது. இருட்டோடு போனால் பகல் இரண்டு மணிக்கு வருவார். சாப்பிட்ட கை காயமுதல் காருக்குக் கீழே கால் இரண்டும் நீட்டிக்கொண்டு கிடப்பார். மூன்று வருசமாக என் புருசனின் முகத்தைவிட உள்ளங்காலைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நிவாரணத்தில் தற்காலிகக் கூரைக்கென்று பன்னிரண்டு தகரம் தந்தார்கள். எண்ணிப் பார்த்தால் கூரையில் பத்து. மற்ற இரண்டும் காரின் அடித்தளமாகிவிட்டன. அந்த மாரி முழுக்க என் அடுப்படி ஒழுகியது, காருக்குள் ஒரு சொட்டு விழவில்லை. அதைக் கண்ட அன்றைக்கு நான் கத்திய கத்தலுக்குத் தெருவில் படுத்திருந்த கழுதைகள் எழும்பிப் போய்விட்டன. இவர் மட்டும் காருக்குக் கீழே இருந்தபடியே, "பதின்மூண்டாம் நம்பர் சாவியை ஒருக்கா எடுத்துத் தாறியா?" என்றார்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டீசலும் பிரேக் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு மாதம் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி அசைத்துப் பார்த்தார். கடைசியில் எஞ்சினின் வார்ப்பிரும்பே வெடித்துப் பிளந்திருந்தது தெரியவந்தது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நானாட்டானில் ஒரு கமக்காரர் அதே மாதிரி ஒஸ்ரின் எஞ்சினை வாய்க்கால் கரையில் பூட்டி வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினார். ஏழு ஞாயிற்றுக்கிழமை அவருடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசினையும் பம்பையும் திருத்திக் கொடுத்து, அந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு வந்து பூட்டினார். வெடித்த பழைய எஞ்சினைப் பழைய இரும்பு எடுக்கிறவனிடம் நானே தூக்கிக் கொடுத்தேன். முற்றத்தில் ஒரு குப்பை குறைந்ததென்று சந்தோசப்பட்டேன்.

கறள், துரு விசயத்தில் இவர் யாரையும் மன்னிக்க மாட்டார். பழைய பெயின்ற்றுக்கு மேலே புதுப் பெயின்ற் அடிப்பது இவர் பாசையில் கள்ளவேலை. கம்பித்தூரிகையாலும் அரத்தாளாலும் தேய்த்துத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்தபிறகுதான் அடுத்த இடத்துக்குப் போவார். இத்துப்போன தகட்டை வெட்டி எறிந்து புதுத்தகடு ஒட்டுவார். இருக்கைக்கு அடியில், கதவுக்குள்ளே, கைவிரல் நுழையாத சந்துகளில் எல்லாம் அதே கதைதான்.

"உதுக்குள்ள ஆர் குனிஞ்சு பாக்கப் போகினம்?" என்று கேட்டேன்.

"நான் பாப்பன்."

பெயின்ற் அடிக்கிற நேரம் வந்ததும் வாழ்க்கையில் முதல் தடவையாக என் விருப்பத்தைக் கேட்டார். கலியாணத்துக்குக் கட்டிய சேலை மாதிரிக் கறுத்த சிவப்பு என்றேன். ஏழு பூச்சு. ஐந்தாவது பூச்சுக் காயுமுன் ஒரு கழுதை வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போக, அந்தப் பக்கத்தை முழுக்க உரித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். 2013 தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை எஞ்சின் பிடித்தது. ஒழுங்கை முழுக்கச் சனம். முன் இருக்கையில் என்னை ஏற்றி ஒழுங்கை முடிவு வரைக்கும் போய்த் திரும்பினார். நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்த மனிசனை அவ்வளவு அழகாக நான் ஒருநாளும் கண்டதில்லை.

அதற்கு மேல் போக முடியாது. காருக்குப் புத்தகம் இல்லை. பதிவுப் புத்தகம் இல்லாத கார் பெருந்தெருவில் ஏறினால் பொலிஸ் பிடிக்கும். ஆவணியில் மடு மாதா கோயில் திருநாளுக்கு என்னையும் பிள்ளைகளையும் இந்தக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்பது இவருடைய ஆசை. "புத்தகம் மட்டும் கிடைச்சா" என்று சொல்லிச் சொல்லியே பின்னேரங்களில் ஒழுங்கை முடிவு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2011இல் காணி பதிகிறவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தார்கள். இவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் மதிலுக்கு அங்கால் உடைந்த கல்லும் உடை மரமுமாய்க் கிடந்த துண்டைக் காட்டி, இது யாருடையது, ஏதாவது இருந்ததா என்று கேட்டார்கள். "வெறுங்காணி ஐயா. நான் வந்த நாள் தொடக்கம் ஒருத்தரும் இல்லை" என்றேன். முற்றத்துக் காரையும் கேட்டார்கள். பெரியமடுவில் எடுத்தது என்றேன். கடதாசியில் எழுதிக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். பின்னேரம் இவரிடம் சொன்னபோது, துடைத்துக்கொண்டிருந்த துணியோடு கை அப்படியே நின்றது. பிறகு காருக்குக் கீழே போய்விட்டார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த வருசம் அந்தத் துண்டை மரியதாசின் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டில் அடிபட்டு வந்து, பிறகு வன்னியில் ஒவ்வொரு ஊராக இடம்பெயர்ந்த சனம். மரியதாஸ் கூலி வேலைக்குப் போவார். அவர் மனைவி ரஜிதா நல்ல பிள்ளை, மதிலுக்கு மேலால் கறி மாற்றிக்கொள்வோம்.

2013 ஆனி மாதம் ஒரு பகல், கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் தெருவில் நின்று ரஜிதா வீட்டைப் பார்ப்பதும், எங்கள் மதிலைப் பார்ப்பதும், பள்ளிவாசல் முடக்கில் இருந்து விரலால் எண்ணுவதுமாக நின்றாள். வெயில் கொளுத்தியது. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் நசீறா என்றாள்.

"நாங்கள் இஞ்ச இருந்த ஆக்கள் அக்கா. தொண்ணூறாம் ஆண்டு எங்களை எழுப்பின நேரம் எனக்குப் பன்னிரண்டு வயசு."

அந்த ஐப்பசியில் இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் வடக்கை விட்டுப் போகச் சொன்ன கதை யாருக்கும் தெரியும். மன்னார்த் தீவில் இருந்தவர்கள் வள்ளத்தில் ஏறிப் புத்தளம் பக்கம் போனார்கள். வள்ளத்தில் காரை ஏற்ற முடியுமா? நசீறா அந்த நாளைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வாப்பா அவசரத்தில் அலுமாரியைத் திறந்து மேலே இருந்த உறையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். நடுக்கடலில் பிரித்துப் பார்த்தால், வீட்டு உறுதிப் பத்திரம் இல்லை. கார்ப் புத்தகம்.

"உம்மா மௌத்தாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி ஏசினவ. வீட்ட விட்டிட்டு வண்டியக் கொண்டுவந்த மனிசன் எண்டு. வாப்பா கவலைப்படேல்ல. கார் அங்க நிக்குது, அதை ஆரும் தூக்கிக்கொண்டு போகேலாது, கார் நிக்கிற இடம்தான் எங்கட வீடு, போய்க் காட்டினாச் சரி எண்டு சொல்லுவார். ஒஸ்ரின் கார். சாம்பல் நிறம்."

வாப்பா அசனாரும் இப்போது இல்லை. பள்ளிவாசலில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் அசனார் உப்புக்குளத்தில் இருந்தவர் என்று இருந்தது, எந்தத் துண்டில் என்று இல்லை. பழைய இலக்கங்கள் மாறிவிட்டன, வீடுகளின் கல்லையும் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கிழமை காணிக் கந்தோரில் விசாரணை. அவளுடைய கண் எங்கள் முற்றத்துக் காரில் போய் நின்றது.

"எங்கட இது பெரியமடுவில எடுத்தது" என்றேன் பெருமையாக.

எழும்பிப் போய்க் கதவுக் கைபிடியைத் தொட்டுப் பார்த்தாள். "ஓம், இது சிவப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அந்த நேரம் இவர் வந்து சேர்ந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொன்ஸ்ரன்ரைன் அண்ணன்தானே? நான் அசனார்ட மகள்" என்றாள். இவர் சைக்கிளை மதிலில் சாத்தாமலே நின்றார். அசனார் நானா மௌத்து என்று கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். அவள் பையில் இருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். இவர் கையைச் சாரத்தில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு வரியாக வாசித்தார். அப்போது இவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் கண்டேன். கார் முதலில் பிடித்த நாளில்கூட அவ்வளவு இல்லை. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது.

"அண்ணன், எங்கட காருக்கு என்ன நடந்தது? உங்களிட்டத்தானே வாப்பா சொல்லிப்போட்டு வந்தவர்."

"நானும் அந்த வருசமே இந்தியாவுக்குப் போயிட்டன் தங்கச்சி. திரும்பி வந்து பாக்க அங்க ஒண்டும் இல்லை."

அவள் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"புத்தகத்தைக் கண்டு ஏன் சிரிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

முதலில் இல்லை என்றார். பிறகு பிசைந்த கையோடேயே எல்லாவற்றையும் சொன்னார். இளந்தாரியாக இருந்த காலத்தில் அசனார் நானாவின் காரைக் கழுவுவதும் துடைப்பதும் இவர்தான். பெற்றோல் இல்லாமல் போன நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியவரும் இவர்தான். நானா வள்ளத்துக்குப் போகும்போது, "காரைப் பாத்துக்கொள். கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணிவிடு, இல்லாட்டிச் செத்துப்போகும்" என்று சொல்லிக் கார்த் திறப்பைக் கையில் கொடுத்தார். இவர் ஓம் என்றார். மூன்று கிழமை ஸ்ராட் பண்ணினார். நான்காவது கிழமை இவரே இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிவிட்டார். இருபது வருசம் கழித்து வந்து பார்த்தபோது, மதிலுக்கு அங்கால் நானாவின் வீடு தரைமட்டம். கார் கொட்டகையின் மூன்று சுவர் மட்டும் நின்றது. உள்ளே கார், அதற்குள்ளே மரம். ரைக்ரரைக் கொண்டுவந்து, மரத்தை வெட்டி, இழுக்கிற இழுவையில் கொட்டகையையும் சரித்து, காரை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பெரியமடுக் கதை எனக்காகச் சோடித்தது.

"அங்க கிடந்தா இத்துப்போகும் எண்டுதான் எடுத்தனான். குடுத்த வாக்கைக் காப்பாத்தாதவன் எண்டு உனக்குத் தெரியக்கூடாது எண்டு பொய் சொன்னனான். பிறகு... பிறகு அது என்ர கார் மாதிரி வந்திட்டுது."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பொய் சொன்னதற்காகக்கூட இல்லை. "வெறுங்காணி" என்று நான் கையெழுத்து வைத்துவிட்டு வந்து சொன்ன பின்னேரம், வாயைத் திறந்திருந்தால் அடுத்த நாளே போய்த் திருத்தியிருக்கலாம். இவர் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டை அழித்தது நான்தான், என் கையால், இவருடைய பொய்யை வைத்துக்கொண்டு.

"விசாரணையில போய்ச் சொல்லுங்கோ" என்றேன்.

"சொன்னாக் கார் போயிடும் செலீனா. மூண்டு வருசம்."

"அவளுக்கு இருபத்திமூண்டு வருசம்."

அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இவர் காரைத் தொடவும் இல்லை. விசாரணை நாள் காலையில் பெட்டியில் இருந்த நல்ல சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நீயும் வா" என்று மட்டும் சொன்னார்.

கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் கெட்ட மனிசர் இல்லை. நசீறாவைச் சொல்லவிட்டுக் கேட்டார். மரியதாஸ் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தக் காணி கைவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் எட்டாவது தடவையாகச் சட்டிபானை தூக்க வேண்டும். இவர் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னார். கார் எந்த இடத்தில் நின்றது, கொட்டகை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, தான் எப்படி உடைத்தார், ஒன்றையும் விடவில்லை. நசீறா இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு நல்லாயிருந்திருக்கும்.

உத்தியோகத்தர் பழைய கோவையைப் புரட்டினார். "அம்மா, இது உங்கட கையெழுத்துத்தானே? வெறுங்காணி எண்டும், கார் பெரியமடுவில எடுத்தது எண்டும் சொல்லியிருக்கிறீங்கள். இப்ப உங்கட கணவர் வேற சொல்லுறார். ஒரே வீட்டில ரெண்டு கதை. நான் எதை எழுதுறது?"

"நான் தெரியாமச் சொன்னனான் ஐயா."

"அதுக்கு என்ன அத்தாட்சி?"

"கார் இருக்கு ஐயா" என்றார் இவர். "அவவின்ர புத்தகம் இருக்கு. புத்தகத்தில உள்ள நம்பரும் காரில உள்ள நம்பரும் ஒண்டெண்டா, அது அசனார் நானாட கார்தானே? பெரியமடு பொய்யெண்டு வரும்தானே?"

அவர் யோசித்துவிட்டு ஓம் என்றார். வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் இவர் நசீறாவிடம், "வீடும் உங்கட, காரும் உங்கட. நான் கொண்டுவந்து விடுவன்" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வருகிற வழியில் இவர் என்னோடு பேசினார். நானும் பேசினேன். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்ததுபோல இருவருக்கும் ஒரு லேசு.

வியாழன் காலை உத்தியோகத்தர் வந்தார். நசீறாவும் வந்திருந்தாள். அவர் புத்தகத்தை விரித்து, "நிறம் சாம்பல்" என்று வாசித்துவிட்டுக் கறுத்த சிவப்புக் காரைப் பார்த்தார். பரவாயில்லை, நிறம் மாற்றுவதுதான் என்று தானே சொல்லிக்கொண்டார். "எஞ்சின் இலக்கம்" என்றார். இவர் பொனற்றைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. அது நானாட்டான் எஞ்சின். வயலுக்குத் தண்ணீர் இறைத்தது. அசனார் நானாவின் எஞ்சினை நான்தான் இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தேன்.

"சரி, கார்ச் சட்டகத்தின்ர இலக்கம்."

அது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் ஒரு சின்னப் பட்டயத்தில் இருக்கும். அந்தச் சுவர் இத்துப்போனதென்று முழுதாக வெட்டி எறிந்து, புதுத்தகடு ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் ராவி, ஏழு பூச்சு அடித்திருந்தார் இவர். அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி எங்கள் முகம்தான் தெரிந்தது.

"பொறுங்கோ ஐயா" என்றார். "பழைய பெயின்ற் எங்கயாவது கிடக்கும். சாம்பல் நிறம். ஒரு பொட்டுக் காட்டினாக் காணும்தானே?"

உத்தியோகத்தர் தலையாட்டினார். இவர் சுரண்டியை எடுத்து டிக்கியின் உட்பக்க மூலையில் சுரண்டினார். சிவப்பு உரிந்தது, அடியில் வெள்ளை இரும்பு. கதவுக் கீலுக்குள் சுரண்டினார். வெள்ளை இரும்பு. முன் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்துச் சுரண்டினார். இருக்கையைக் கழற்றி அடியில் சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் எழும்பி, "இன்னும் ஒரு இடம் இருக்கு ஐயா" என்றார். ஒரு மணித்தியாலம் பொறுத்துவிட்டு உத்தியோகத்தர் புத்தகத்தை நசீறாவிடம் திருப்பிக் கொடுத்தார். "உங்கட கணவர் பொய் சொல்லுறார் எண்டு நான் நினைக்கேல்ல அம்மா. ஆனா கண்ணால காணாததை நான் எழுதேலாது" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனது இவருக்குத் தெரியவில்லை. முன் மட்காட்டைக் கழற்றி உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தார். பகல் சாய்ந்தது. மூன்று வருசத்து வேலை முற்றத்தில் சிவப்புப் பொடியாகக் கொட்டிக் கிடந்தது. "எங்கயாவது ஒரு இடத்தில கள்ளவேலை செய்திருப்பன். எங்கயாவது விட்டிருப்பன்" என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் சில்லில் சாய்ந்து உட்கார்ந்தார். தன் வேலையில் ஒரு பிழை கிடைக்கவில்லை என்று ஒரு மனிசன் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நசீறா, இந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சிட்டு இந்த முற்றத்தில உமக்கு ஒரு கொட்டில் போடுவம். அரைவாசிக் காணியை எழுதித் தாறன். நான் வைச்ச கையெழுத்துக்கு நான்தான் பொறுப்பு" என்றேன்.

அவள் மதிலுக்கு அங்கால் பார்த்தாள். ரஜிதா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"உங்கட காணி எனக்கு ஏன் அக்கா? எங்கட வீடு அங்கதானே இருந்தது" என்றாள். பிறகு குனிந்து இவருக்குப் பக்கத்தில் கிடந்த சுரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். "எழும்புங்கோ அண்ணன். அடுத்த தவணைக்கும் வருவீங்கள்தானே?"

"வருவன்" என்றார்.

அவள் இப்போது பள்ளிவாசலுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறாள். நாங்கள் ஆறு தவணை போய்விட்டோம். ஒவ்வொரு தவணையும் இவர் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு எழும்பி நிற்கிறார். "கார் அவையின்ர வீட்டிலதான் நிண்டது. நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்" என்கிறார். உத்தியோகத்தர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். பேனை மேசையில்தான் கிடக்கும்.